பிடிக்கிற கைக்கும் ஒரு வித்தை உண்டு

திருச்சிக்கு அருகே முக்கொம்புப் பக்கம் போகிறவர்கள் இளநீர் குடிக்கும் முன் அதைச் சீவுகிறவரின் இடக்கையைச் சற்று கவனிக்கலாம். எல்லார் கண்ணும் அரிவாள் பிடித்த வலக்கையில்தான் இருக்கும். காயை ஏந்திய இடக்கையோ ஒவ்வொரு வெட்டின் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கிறது, காய் நழுவாமல் நிறுத்துகிறது, அடுத்த வெட்டுக்குத் தோதாக அரை விரற்கடை திருப்பிக் கொடுக்கிறது. இரண்டு கையின் வேலையையும் மாற்றிச் செய்யச் சொல்லிப் பாருங்கள். வெட்டுவது மட்டுமல்ல, பிடிப்பதும் தடுமாறும்.

பழக்கமில்லாத கையை நாம் ‘வலுவில்லாத கை’ என்று ஒதுக்கிவிடுகிறோம். நரம்பியல் அப்படிச் சொல்லவில்லை.

ஓங்குவது ஒன்று, தாங்குவது ஒன்று

கையை வேகமாக வீசும்போது முழங்கை மட்டும் அசைவதில்லை. அது அசைகிற வேகம் தோளை உதைக்கும், தோளின் வேகம் முழங்கையை இழுக்கும். இந்த இழுபறியை மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டால்தான் கை நேர்கோட்டில் போகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் செயின்பர்க் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வலக்கைக்காரர்களின் வலக்கை இந்த முன்கணக்கில் தேர்ந்தது என்று அவரது ஆய்வுகள் காட்டின. இடக்கையின் பாதை சற்றே வளையும். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அசையாமல் நிற்பதிலும், எதிர்பாராத சுமை வந்தால் ஈடுகொடுப்பதிலும் அது வலக்கைக்குச் சளைத்ததல்ல, சில சோதனைகளில் மேலாகவே செய்தது.

முக்கொம்பிலேயே இதற்கு ஓர் உவமை ஓடுகிறது. ஆறு இங்கே காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானதால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடி, டெல்டா வறண்டது. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டிய பிறகு, பாசன நீர் காவிரிக்கு, வெள்ளம் கொள்ளிடத்துக்கு என்று வேலை பிரிந்தது. கொள்ளிடத்தை யாரும் சோனிக் காவிரி என்று சொல்வதில்லை.

‘நல்ல கை’ அத்தனை நல்லதா?

பக்கவாதம் வந்தவர் வீட்டில் எல்லாரும் விழுந்த கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். “இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு, அதுல சாப்பிடுங்கப்பா” என்று கரண்டியைக் கொடுத்துவிடுவார்கள். கரண்டி வாய்க்கு வருவதற்குள் பாதி சிந்தினால், பிடிவாதம் என்றோ சோம்பல் என்றோ எரிச்சல்படுவதும் நடக்கிறது.

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது என்பது பெருமளவு உண்மை. ஆனால் ஒவ்வொரு கையின் அசைவிலும் இரண்டு பாதிகளுக்கும் பங்கு உண்டு. வலக்கைக்காரர் ஒருவருக்கு மூளையின் இடப்பாதி பாதிக்கப்பட்டால், ‘நல்ல’ இடக்கையின் அசைவும் பாதை மாறித் தடுமாறலாம். வலப்பாதி பாதிக்கப்பட்டால், ‘நல்ல’ வலக்கை வேகமாகப் போகும், குறித்த இடத்தில் சரியாக நிற்காது. இவை சிறு குறைகள்தாம். ஆனால் சட்டைப் பொத்தான் போடுவது, சோறு பிசைவது, ஊசியில் இன்சுலின் ஏற்றுவது எல்லாம் இனி அந்த ஒரு கையின் பொறுப்பு என்றால், சிறு குறையே நாள் முழுவதும் தொல்லையாகிவிடும்.

ஆகவே பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது இரண்டு கைகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். ‘நல்ல’ கைக்கும் பயிற்சி தேவைப்படலாம். அதே சமயம், விழுந்த கையில் கொஞ்சமாவது அசைவு திரும்பியிருந்தால் அதைச் சும்மா விட்டுவைப்பதும் தவறு. பயன்படுத்தாத கையை மூளை மெல்ல மறந்துவிடும். நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையையே வேலை செய்யவைக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. மணிக்கட்டும் விரல்களும் ஓரளவு அசைபவர்களுக்கே அது பொருந்தும் என்பதால், வீட்டில் தாமாகக் கட்டிப்போட்டுப் பார்க்கக் கூடாது. நடமாட முடியாதவர்களுக்கு 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

பக்கவாதத்தின் அறிகுறியாக வாய் கோணினாலோ, ஒரு கை திடீரெனத் துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் பொதுவாக அவகாசம் கிடையாது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இதில் இடமே இல்லை.

இடக்கைக் குழந்தைகள்

பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவர் இடக்கைக்காரர். நம் வீடுகளில் இன்னும் ‘சோத்தாங்கை, பீச்சாங்கை’ கண்டிப்பு ஓயவில்லை. எந்தக் கையால் சாப்பிடுவது என்ற வழக்கத்தை ஒரு குழந்தை எளிதில் கற்றுக்கொள்ளும். எழுதும் கையை அடித்து மாற்றுவதில் எந்த நன்மையும் இல்லை.

மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலையை இடக்கையால் வாசித்தார், மறுபக்கமான தொப்பியில் அவர் எழுப்பிய கும்கி நாதம் இன்றும் பேசப்படுகிறது. அந்தக் கும்கி அவருடைய ‘மற்ற’ கையில் பிறந்தது!

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. எந்தக் கை என்பது பொதுவாக இரண்டு வயதுக்குப் பிறகே மெல்ல உறுதிப்படும். ஒரு வயது நிரம்பும் முன்பே குழந்தை ஒரே கையைத்தான் நீட்டுகிறது, மற்றது மூடியே இருக்கிறது என்றால், “அதுக்குள்ள சோத்தாங்கை தெரிஞ்சிடுச்சு” என்று மகிழாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் கையை இயக்கும் மூளைப் பகுதியிலோ, பிரசவத்தின்போது தோள் நரம்பிலோ பாதிப்பு இருக்கக்கூடும்.

மெதுவாகத் தெரியும் அறிகுறி

பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். எழுதும் கையில் தொடங்கினால் எழுத்து சிறுத்துப்போவதைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். மற்ற கையில் தொடங்கினால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பெரியவர் நடக்கையில் ஒரு கை மட்டும் வீசாமல் உடலோடு ஒட்டியே வருகிறதா, துண்டு பிழியும்போது ஒரு கை பின்தங்குகிறதா என்று வீட்டிலிருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும். அப்படித் தெரிந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எந்தக் கை, எப்போதிலிருந்து, எந்த வேலையில் என்று குறித்துக்கொண்டு போனால் அவர் வேலை பாதி குறையும்.