பாதி பாதியாகத் தேடுவோம்

நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு நூலுக்கும் பதிவேட்டில் ஒரு பதிவு எண் ஏறுகிறது. மதுரை சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகம் போன்ற பெரிய நூலகத்தில் அந்த எண்கள் வரிசையாக ஓடுவதால், ஒன்றைக் கண்டுபிடிக்க முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. இந்த வரிசையை நம்பி நடக்கும் நெறிமுறைதான் இருமத் தேடல். கணினி இல்லாமலே மேசைமேல் இதைச் செய்து பார்க்கலாம்.

1. 15 துண்டுச் சீட்டுகளில் இந்த எண்களை எழுதுங்கள்: 104, 117, 131, 150, 162, 188, 203, 219, 240, 256, 271, 290, 305, 322, 347. இதே வரிசையில் கவிழ்த்து வைத்து, கீழே 1 முதல் 15 வரை இட எண் குறியுங்கள்.

2. இரண்டு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒன்றை 1-ஆம் இடத்திலும் மற்றதை 15-ஆம் இடத்திலும் வையுங்கள். முதலாவதன் பெயர் ‘தொடக்கம்’, அடுத்தது ‘முடிவு’. பெயர் மாறாது, மதிப்பு மட்டும் மாறும். நிரலாக்கத்தில் மாறி என்பது இதுவே.

3. இரண்டின் இட எண்களையும் கூட்டிப் பாதியாக்குங்கள். பின்னம் வந்தால் விட்டுவிடுங்கள். கிடைப்பது ‘நடு’.

4. நடுச் சீட்டைத் திறந்து பாருங்கள். தேடும் எண் அதுவானால் வேலை முடிந்தது. தேடும் எண் அதைவிடப் பெரிதானால் தொடக்கம் = நடு + 1; சிறிதானால் முடிவு = நடு − 1. இது நிபந்தனை.

5. தொடக்கம் முடிவைத் தாண்டாத வரை மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். இது மடக்கு. தாண்டிவிட்டால் ‘இல்லை’ என்று எழுதி நிறுத்துங்கள்.

இப்போது 271-ஐத் தேடுங்கள். 219, 290, 256, 271 என நான்கே சீட்டுகள் திறக்கும். இடமிருந்து ஒவ்வொன்றாகத் திறந்திருந்தால் பதினொன்று ஆகியிருக்கும். அடுத்து, இல்லாத 275-ஐத் தேடுங்கள். அதே நான்கு சீட்டுகள் திறந்த பிறகு தொடக்கம் 12, முடிவு 11 ஆகிவிடும். தேடல் தானே நிற்கும்.

நான்காம் படியில் ‘+ 1’ஐ மறந்தால் என்ன ஆகும்? 347-ஐத் தேடிப் பாருங்கள். தொடக்கம் 14, முடிவு 15 என்று வந்ததும் நடு எப்போதும் 14-தான். மடக்கு முடிவே இல்லாமல் சுற்றும்.

மூன்றாம் படியிலும் ஒரு பொறி உண்டு. மிகப் பெரிய இரண்டு இட எண்களைக் கூட்டினால் விடை முழு எண் மாறியின் கொள்ளளவைத் தாண்டக்கூடும். ஜாவா மொழியோடு வரும் இருமத் தேடலிலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் இருந்ததை அந்த நிரலை எழுதிய ஜோஷ்வா பிளாக்கே 2006-இல் வெளிப்படுத்தினார். சி++ எழுதும்போது தொடக்கம் + (முடிவு − தொடக்கம்) / 2 என்று கணக்கிட்டால் பாதுகாப்பு.

ஒவ்வொரு முறையும் பாதி கழிவதால் 1,000 சீட்டுகளுக்கு அதிகபட்சம் 10 பார்வை, 1,00,000 சீட்டுகளுக்கு 17 பார்வை போதும்.

கடைசியாக, 271 சீட்டை உருவி முதல் இடத்தில் வைத்து, மற்றவற்றை ஓரிடம் தள்ளிவிட்டு மறுபடி தேடுங்கள். சீட்டு மேசையில்தான் இருக்கிறது. நெறிமுறையோ ‘இல்லை’ என்கிறது. படிகளில் ஒரு பிழையும் இல்லை, வரிசைதான் குலைந்திருக்கிறது. எடுத்த நூலை நீங்களே அலமாரியில் செருகாமல் மேசையில் வைத்துவிடுங்கள் என்று நூலகர்கள் சொல்வதும் இதனால்தான். நிரல் எழுதும் மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எப்படித் தேடுவது’ என்பதல்ல. ‘தரவு வரிசையில் இருக்கிறதா’ என்பதே.