ஜிபிஎஸ் இல்லாவிட்டால் விமானம் எப்படி வழி அறியும்?

2024 ஏப்ரலில் பின்லாந்திலிருந்து எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்குச் சென்ற இரண்டு பின்ஏர் விமானங்கள் தரையிறங்க முடியாமல் திரும்பின. ஜிபிஎஸ் சமிக்ஞையில் ஏற்பட்ட இடையூறுதான் காரணம். அதன்பின் அந்தச் சேவை சுமார் ஒரு மாதம் நிறுத்தப்பட்டது.

ஜிபிஎஸ் துணைக்கோளங்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை தரையை அடையும்போது மிகவும் பலவீனமாகிவிடும். அதே அலைவரிசையில் யாராவது வலுவான வானொலி அலையை அனுப்பினால் அது அமுங்கிவிடும்.

இதற்கு மாற்றாக அறிவியலாளர்கள் பூமியின் காந்தப்புலத்தை நாடுகிறார்கள். திசைகாட்டி வடக்கைக் காட்டும். ஆனால் நாம் இருக்கும் இடத்தைக் காட்டாது. இடத்தை அறியப் பாறைகள் உதவுகின்றன.

பூமியின் காந்தப்புலம் பெரும்பாலும் அதன் வெளிக்கருவில் உள்ள உருகிய இரும்பிலிருந்து உருவாகிறது. தரையில் அதன் வலிமை சுமார் 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா வரை இருக்கும். நிலத்தடிப் பாறைகளில் உள்ள மேக்னடைட் போன்ற கனிமங்கள் இந்த அளவைப் பல இடங்களில் சில நூறு நானோடெஸ்லா கூட்டும் அல்லது குறைக்கும். இந்த ஏற்ற இறக்கங்களை வரைபடமாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு ஸ்வரத்தைக் கேட்டு எந்தப் பாடல் என்று சொல்ல முடியாது. தொடர்ந்து சில ஸ்வரங்கள் கேட்டால் சொல்லிவிடலாம். அதுபோல, விமானம் பறந்தபடியே அளவுகளைத் தொடர்ந்து பதிவு செய்யும். அந்த வரிசை வரைபடத்தில் எங்கே பொருந்துகிறதோ அதுவே விமானம் இருக்கும் இடம்.

இதைத் தொலைவிலிருந்து குலைப்பது மிகவும் கடினம். ஒரு காந்தத்திலிருந்து 10 மடங்கு தூரம் விலகினால் அதன் புலம் ஏறக்குறைய 1,000-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

சிக்கல் விமானத்துக்குள்ளேயே இருக்கிறது. இயந்திரம், மின்கம்பிகள், உலோகப் பாகங்கள் எல்லாம் தமக்கென்று காந்தப்புலத்தை உருவாக்குகின்றன. பாறைகளின் மெல்லிய தடயம் அதில் மறைந்துவிடும். 2023 மே மாதம் அமெரிக்க விமானப்படை சி-17 விமானத்தில் நடத்திய சோதனையில், இந்த இரைச்சலை நீக்கச் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டது. சூரியப் புயல்களும் அளவீட்டைக் கலைக்கும். துல்லியத்தில் இம்முறை இன்னும் ஜிபிஎஸ்ஸை எட்டவில்லை. ஆயினும் ஜிபிஎஸ் முடங்கும் வேளையில் இது கைகொடுக்கும்.

செய்து பாருங்கள்: பெரும்பாலான திறன்பேசிகளில் காந்தமானி உண்டு. அதற்கான செயலியைத் திறந்தால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுமார் 40 மைக்ரோடெஸ்லா காட்டும். ஒரு மைக்ரோடெஸ்லா என்பது 1,000 நானோடெஸ்லா. பிறகு திறன்பேசியை இரும்பு அலமாரி அருகே கொண்டு செல்லுங்கள். அளவு எவ்வளவு மாறுகிறது என்று கவனித்தால், விமானத்தில் உள்ள சிக்கல் உங்களுக்கே புரியும்.