கியர் ராடு ‘பி’யை விட்டு நகரவில்லையா?

மும்பை வடாலாவின் பழைய குடியிருப்புகளில் ஒரு காருக்குக் குறுக்கே இன்னொன்றை நிறுத்தித்தான் ஆக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் ஹாரன் அடிக்கிறார், வாட்ச்மேன் தள்ளத் தயாராக நிற்கிறார், நம் ஆட்டோமேட்டிக் காரின் கியர் ராடோ ‘பி’ என்ற பார்க்கிங் நிலையிலேயே கிடக்கிறது. அந்த நேரத்தில் பலம் கொண்ட மட்டும் இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பாகமோ கேபிளோ உடைந்தால் சின்னக் கோளாறு பெரிய செலவாகிவிடும்.

ராடைப் பிடித்திருப்பது வேண்டுமென்றே வைத்த பூட்டு. 1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் திடீரெனப் பாய்வதாகப் புகார்கள் குவிந்தன. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்று 1989-இல் அரசு ஆய்வு சொன்னது. அதற்கு முன்பே, 1987-இல், பிரேக்கை மிதித்தால்தான் ‘பி’யிலிருந்து ராடு நகரும் என்ற பூட்டை ஆடி தன் கார்களில் பொருத்த ஆரம்பித்துவிட்டது. இன்று ‘பி’ உள்ள பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் அது இருக்கிறது.

பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சுவிட்ச் உண்டு. பின்னால் சிவப்பு விளக்கை எரியவிடுவதும், ராடுக்கு அடியில் உள்ள சோலினாய்டு என்ற மின்காந்தப் பூட்டைத் திறக்கச் சொல்வதும் பெரும்பாலும் அந்த ஒரே சுவிட்ச்தான். அதனால் முதலில் யாரையாவது காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் ஃபியூஸையோ சுவிட்சையோ சந்தேகப்படலாம். புஷ் பட்டன் காரில் இதே சுவிட்ச் கெட்டால் என்ஜினும் ஸ்டார்ட் ஆகாமல் போகும். அது தெரியாமல் பேட்டரியை மாற்றிப் பணத்தை வீணாக்குபவர்கள் உண்டு. விளக்கு எரிந்தும் ராடுப் பக்கம் ‘டிக்’ சத்தம் கேட்கவில்லையா? சோலினாய்டைப் பாருங்கள். அங்கே டீயோ ஜூஸோ கொட்டியிருந்தால் காரணம் அதுவாகவே இருக்கலாம். பேட்டரி அடியோடு இறங்கினாலும் பூட்டு திறக்காது.

அவசரத்துக்கு வழி இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி, பிரேக்கை மிதித்தபடி இருங்கள். பெரும்பாலான கார்களில் ராடுக்கு அருகே நகம் அளவு மூடி ஒன்று இருக்கும். அதை நெம்பி எடுத்து, துளைக்குள் சாவி நுனியையோ சிறிய ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு அழுத்தியபடி ராடை ‘என்’னுக்குக் கொண்டுவாருங்கள். நியூட்ரலிலேயே என்ஜினை ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் பிரேக் லைட் எரியாத காரை மும்பை டிராஃபிக்கில், அதுவும் மழையில், ஓட்டவே கூடாது.

ஏற்றத்தில் நிறுத்தியபோது மாட்டினால் கதை வேறு. கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரத்தில் விழுந்திருக்கும் சிறு கொக்கி மொத்தக் காரையும் தாங்கி நிற்பதால் இறுகிவிடுகிறது. ஆன்டாப் ஹில் பக்கத்து ஏற்றத்தில் நிறுத்தும்போது முதலில் நியூட்ரல், பிறகு ஹேண்ட்பிரேக், கால் பிரேக்கை மெல்ல விட்டு கார் நிலைத்த பிறகே ‘பி’ என்று பழகினால் இந்தச் சிக்கல் வராது.

மாருதி செலேரியோ போன்ற ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல்) கார்களில் ‘பி’யே கிடையாது. பட்டனாலோ திருகும் குமிழாலோ கியர் மாற்றும் கார்களில் இந்தத் துளையும் இருக்காது; எதையும் நெம்பாமல் கையேட்டைப் பாருங்கள்.

கடைசியில் டோயிங் வண்டிதான் கதி என்றால், நான்கு சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி ஏற்றும் ஃப்ளாட்பெட் வண்டியையே கேளுங்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் என்ஜின் ஓடினால்தான் ஆயில் சுழலும்; அது இல்லாமல் சக்கரங்களை உருட்டி இழுத்தால் கியர்பாக்ஸ் கெட்டுவிடலாம்.