மழையும் டெஸ்ட் பந்தயமும்

திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் அதிகாரம் வான்சிறப்பு. மழையைத் தெய்வத்துக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். ஆயினும், டெஸ்ட் பந்தயத்தின் ஐந்தாம் நாளன்று, தாம் விரும்பும் அணிக்கு இன்னும் ஐந்து விக்கெட்டுகளே வேண்டியிருக்கும் வேளையில் வானம் இருண்டு வருமாயின், அதே மழையை வையாத கிரிக்கெட் ரசிகர் எவரும் இரார். எதிரணியின் ரசிகர்களோ அந்நேரத்தில் வருண பகவானை மனத்துக்குள் துதித்துக்கொண்டிருப்பர்.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்து நாட்டின் மான்செஸ்டர் நகரில் நடந்தது இதுவே. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே நடைபெறும் ஆஷஸ் தொடரின் நான்காவது பந்தயம் அது. முதல் இரண்டு பந்தயங்களில் ஆஸ்திரேலியா வென்றிருந்தது. மூன்றாவதில் இங்கிலாந்து வென்றது. மான்செஸ்டரில் ஆஸ்திரேலியா முதலில் ஆடி 317 ஓட்டங்கள் எடுத்தது. இங்கிலாந்தின் ஜாக் கிராலி 182 பந்துகளில் 189 ஓட்டங்கள் குவித்தார். அவ்வணியின் மொத்தம் 592. மூன்றாம் நாள் மாலைக்குள் ஆஸ்திரேலியா இரண்டாவது இன்னிங்ஸில் நான்கு விக்கெட்டுகளை இழந்துவிட்டது. பிறகு மழை வந்தது. நான்காம் நாள் 30 ஓவர்களே வீச முடிந்தது. மார்னஸ் லபுஷேன் சதமடித்து ஆட்டமிழந்தார். ஐந்து விக்கெட்டுகளுக்கு 214 ஓட்டங்கள் என்ற நிலையில், இன்னும் 61 ஓட்டங்கள் பின்தங்கியிருந்த ஆஸ்திரேலியாவை, ஐந்தாம் நாள் முழுவதும் பெய்த மழை காப்பாற்றியது. அன்று ஒரு பந்துகூட வீசப்படவில்லை.

ஓவல் மைதானத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில் இங்கிலாந்து 49 ஓட்டங்களில் வென்றது. தொடர் இரண்டுக்கு இரண்டு எனச் சமமாயிற்று. எனினும் ஆஷஸ் ஆஸ்திரேலியாவிடமே தங்கியது. இங்குதான் பலருக்கும் ஐயம் எழுகிறது. தொடர் சமமானால் கலசத்தை ஏன் ஒருவரே வைத்துக்கொள்ள வேண்டும்? மல்யுத்தத்தில் பட்டம் பெற்றவனைப் புதியவன் வீழ்த்தினால்தான் பட்டம் கைமாறும். சமமாக நின்றால் பழையவனிடமே இருக்கும். ஆஷஸ் வழக்கமும் அதுவே. முந்திய தொடரில் வென்று ஆஷஸைத் தன்வசம் வைத்திருந்தது ஆஸ்திரேலியா. ஆகவே அது தோல்வியைத் தவிர்த்தால் போதும். இங்கிலாந்தோ வென்றே ஆக வேண்டும். மழை இருவர் மீதும் ஒன்றுபோலவே பெய்கிறது. ஆனால் அதனால் விளையும் நட்டம் இருவருக்கும் ஒன்றாய் இருப்பதில்லை.

மான்செஸ்டர் மைதானத்துக்கு இது புதிதுமன்று. 1890, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே நடக்கவிருந்த ஆஷஸ் பந்தயங்கள் ஒரு பந்தும் வீசப்படாமலே கைவிடப்பட்டன. 1938இல் தொடர் ஒன்றுக்கு ஒன்று என முடிய, அப்பொழுதும் ஆஷஸ் ஆஸ்திரேலியாவிடமே தங்கிற்று.

2023ஆம் ஆண்டு முடிவைப் பற்றி ரசிகர்களிடையே நிகழ்ந்த வாதம் எளிதில் ஓயவில்லை. மழை தங்கள் கையிலிருந்த வெற்றியைப் பறித்துவிட்டது என்பது இங்கிலாந்து ரசிகர்களின் குறை. பர்மிங்காமில் நடந்த முதல் பந்தயத்தின் முதல் நாளிலேயே, எட்டு விக்கெட்டுகளுக்கு 393 என்று இன்னிங்ஸை முடித்துக்கொண்டு, இறுதியில் இரண்டு விக்கெட்டுகளில் தோற்றது மழையாலா என்பது மறுபக்கத்தார் கேள்வி. மழை வரும் என்ற முன்னறிவிப்பு இருந்தும், மான்செஸ்டரில் மூன்றாம் நாள் உணவு இடைவேளைக்குப் பிறகும் பேர்ஸ்டோ 99 ஓட்டங்களுடன் நிற்கும்வரை ஏன் ஆடினார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. இக்கடைசிக் குறையில் எனக்கு உடன்பாடில்லை. ஓவருக்கு ஐந்துக்கும் மேற்பட்ட ஓட்டங்கள் வீதம் எடுத்த அணி காலத்தை வீணாக்கியது என்பது பொருந்தாது.

இத்தகைய இழப்புக்கு மாற்றாக ஒரு நாளை ஒதுக்கி வைத்தாலென்ன என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. அப்படிச் செய்ததும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் சௌதாம்ப்டனில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதிய உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் பந்தயத்தில் இரண்டு நாட்கள் முற்றிலும் மழையில் போயின. ஆறாவது நாள் ஒதுக்கப்பட்டிருந்ததால் பந்தயம் முடிவு கண்டது. நியூசிலாந்து எட்டு விக்கெட்டுகளில் வென்றது. அந்த ஆறாம் நாள் இல்லாதிருந்தால் நாம் தோல்வியினின்று தப்பியிருப்போம் என்பது வேறு விஷயம்! அடுத்த ஆகஸ்டில் நாட்டிங்காமில் நிலைமை தலைகீழாயிற்று. ஒன்பது விக்கெட்டுகள் கையிலிருக்க, 157 ஓட்டங்களே தேவைப்பட்ட ஐந்தாம் நாளை மழை கொண்டுபோயிற்று. ஒதுக்கிய நாள் எதுவும் இல்லை. அத்தொடரும் பின்னர் இரண்டுக்கு இரண்டு என முடிந்தது. மழையின் பொருட்டு இங்கிலாந்து ரசிகர் படும் வேதனையை நாமும் அறிந்தவர்களே.

ஒரே ஒரு இறுதிப் பந்தயத்துக்கு ஒரு நாளை ஒதுக்குவது எளிது. ஐந்து பந்தயங்கள் கொண்ட தொடருக்கு அது எளிதன்று. 2023ஆம் ஆண்டு ஆஷஸ் ஜூன் 16இல் தொடங்கி ஜூலை 31இல் முடிந்தது. 46 நாட்களுக்குள் ஐந்து பந்தயங்கள். மான்செஸ்டருக்கும் ஓவலுக்கும் இடையே மூன்று நாட்களே ஓய்வு. அதிலும் ஒன்றை எடுத்துக்கொண்டால் வேகப் பந்து வீச்சாளர்களின் தோள்கள் என்னாவது? நாட்களுக்கு வரம்பே வைக்காமல் ஆடிப் பார்த்த காலமும் உண்டு. 1939இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அத்தகைய பந்தயம் ஒன்று பத்து நாட்களாக இழுபட்டது. இங்கிலாந்துக்கு இன்னும் 42 ஓட்டங்களே தேவைப்பட்டபோது மழை குறுக்கிட்டது. ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் பந்தயம் முடிவின்றிக் கைவிடப்பட்டது.

மழையைப் பற்றி இவ்வளவு பேசும் ரசிகர்கள், ஆட்டக்காரர்கள் தாமே வீணாக்கும் நேரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு நாளைக்கு 90 ஓவர்கள் வீச வேண்டும் என்பது விதி. குறையும் ஒவ்வோர் ஓவருக்கும் உலகச் சாம்பியன்ஷிப் கணக்கில் ஒரு புள்ளி கழிக்கப்படும். 2023 தொடரில் இங்கிலாந்து இவ்வாறு 19 புள்ளிகளை இழந்தது. ஆஸ்திரேலியா 10 புள்ளிகளை இழந்தது. ஆஸ்திரேலியாவின் அந்தப் பத்தும் மான்செஸ்டரில் இழந்தவையே; அங்கு இங்கிலாந்தும் மூன்று ஓவர்கள் குறைவாக வீசியது. ஐந்து விக்கெட்டுகளுக்காக ஒரு நாடே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பந்தயத்தில், வெயில் காய்ந்த வேளையிலேயே 13 ஓவர்கள் மறைந்துபோயின. மழையை யாரும் தண்டிக்க இயலாது, இதைத் தண்டிக்கலாம். புள்ளிகளைக் கழிப்பது பல மாதங்களுக்குப் பின் பட்டியலில் தெரியும் தண்டனை. அன்று சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்தவருக்கு அதனால் ஒரு பந்தும் திரும்பக் கிடைப்பதில்லை என்பதே என் மனத்தாங்கல்.

மழைக்கு மனித முயற்சி ஈடுகொடுத்த கதையும் ஆஷஸ் வரலாற்றில் உண்டு. 1968ஆம் ஆண்டு லார்ட்ஸ் பந்தயத்தில் ஆஸ்திரேலியா 78 ஓட்டங்களில் சுருண்டது. மழை வந்து அதைக் காத்தது. அத்தொடரின் கடைசிப் பந்தயம் ஓவலில். இறுதி நாள் உணவு வேளையில் ஐந்து விக்கெட்டுகளே மிச்சமிருக்க, பெருமழை பெய்து மைதானம் குளமாயிற்று. மழை நின்றதும் பார்வையாளர்கள் களத்தில் இறங்கினர். மைதான ஊழியர்களோடு சேர்ந்து ஈரத்தை ஒற்றி எடுத்தனர். ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது மிஞ்சியிருந்தது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். டாலிவேரா ஒரு விக்கெட்டை எடுத்துக் கதவைத் திறந்தார். பிறகு இடக்கை வீச்சாளர் டெரிக் அண்டர்வுட், மட்டையைச் சுற்றி ஆட்கள் நெருங்கி நிற்க, எஞ்சிய நால்வரையும் வீழ்த்தினார். ஆட்டம் முடிய ஆறு நிமிடங்களே இருந்தன. இங்கிலாந்து 226 ஓட்டங்களில் வென்றது. தொடர் ஒன்றுக்கு ஒன்று. ஆஷஸ், வழக்கப்படி, ஆஸ்திரேலியாவிடமே இருந்தது.