சாலைக் கடைத்தெருவுக்கு வரும் அரிசி

மாதத்தின் முதல் வாரத்தில் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும் நம்மவர்கள் பலர், நேரே சாலைக் கடைத்தெருவுக்குள்தான் நுழைகிறார்கள். மளிகைச் சீட்டில் முதல் வரி அரிசி. "ஜெயா என்ன விலை?" என்பதே கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி. கிலோவுக்கு நான்கைந்து ரூபாய் கூடினாலும் மாதச் சம்பளக்காரரின் கணக்கு தடுமாறிப் போகும்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. அந்நாளில் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அடங்கிய நாஞ்சில் நாடுதான். கோதையாற்றில் பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்தபின் அங்கே பாசனம் மேலும் பெருகியது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. களஞ்சியம் எல்லைக்கு அப்பால் போயிற்று.

பஞ்சம் கற்பித்த பாடம்

அதற்கு முன்பே அரிசிக்கு அயலாரை நம்பியிருந்த நாடு இது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி அடியோடு நின்றது. அப்போது ஏழைகளின் வயிற்றைக் காத்தது மரச்சீனிக் கிழங்கு. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் ஊக்குவித்த பயிர் அது. நகருக்கு அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963-இல் ஏற்பட்டது.

1960-களின் நடுவில் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. கேரளத்தில் ரேஷன் முறை வீடுதோறும் எட்டியது அப்போதுதான். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-இல் தஞ்சாவூரில் பணியைத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

குட்டை நெல்லின் வரவு

உள்ள நிலத்திலேயே கூடுதல் விளைவிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. பழைய நெட்டை ரகங்களுக்கு உரமிட்டால் தாள் உயர்ந்து, கதிர் கனக்கும் வேளையில் பயிர் சாய்ந்துவிடும். தைவான் நாட்டுக் குட்டை நெல்லையும் ஒரிசாவின் டி.141 என்ற நெல்லையும் இணைத்து இந்திய விஞ்ஞானிகள் ஒரு ரகம் கண்டார்கள். உரத்தை ஏற்று, சாயாமல் நின்று, மணியாக விளைந்த அந்த ரகம் 1968-இல் வெளியானது. அதுவே கடைத்தெருவில் நாம் விலை கேட்கும் ஜெயா. கேரளத்திலும் பட்டாம்பி நிலையம் 1974-இல் ஜோதியையும், மங்கொம்பு நிலையம் 1998-இல் உமாவையும் தந்தன. இரண்டும் சிவப்பரிசி ரகங்கள்.

மகசூல் ஏறியது, வயல் சுருங்கியது

இவற்றின் பயன் சிறிதல்ல. 1970-களில் கேரளத்தில் ஹெக்டேருக்குச் சுமார் ஒன்றரை டன் அரிசி கிடைத்தது. இன்று ஏறத்தாழ மூன்று டன் கிடைக்கிறது. ஆயினும் மொத்த விளைச்சல் சுமார் 13 லட்சம் டன்னிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 1974-75-இல் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு இன்று சுமார் 2 லட்சம் ஹெக்டேர்தான். கூலி உயர்ந்தது, நெல்லில் மிச்சம் குறைந்தது, தென்னையும் வாழையும் ரப்பரும் வந்தன, வயல்களைத் தூர்த்து வீடுகளும் எழுந்தன. விஞ்ஞானம் இரண்டு மடங்காக்கிக் கொடுத்தது. நிலமோ நான்கில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது.

இதன் பலனைச் சாலைக் கடைத்தெருவில் காணலாம். 2022-இல் அரிசி விலை ஏறியபோது கேரள அரசு ஆந்திர அரசுடன் பேச வேண்டி வந்தது. ஆனால் ஆந்திர விவசாயிகள் ஜெயா பயிரிடுவதையே ஏறக்குறைய விட்டுவிட்டிருந்தார்கள். அவர்கள் வேறு ரகத்துக்கு மாறினால் இங்கே உலை வைப்பவர் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காக்கக் கேரளம் 2008-இல் சட்டம் இயற்றியது. வயலை வயலாகவே வைத்திருப்போருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் வீதம் ஊக்கத்தொகை 2020-இல் தொடங்கியது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் நெல் போட்டவனுக்குக் கையில் நாலு காசு மிஞ்சினாலன்றி, சட்டம் மட்டும் வயலைக் காத்துவிடாது. கட்டுப்படியாகும் விலையும், விற்ற நெல்லுக்கு உடனே பணமும், வேளைக்கு நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் அவனுக்குக் கிடைக்க வேண்டும்.

இது கேரளத்தாரின் கவலை மட்டுமல்ல. நாஞ்சில் நாட்டிலும் வயல்கள் வாழைத்தோப்பும் வீட்டுமனையுமாக மாறி வருகின்றன. ஊரில் பத்து சென்டோ அரை ஏக்கரோ வயலை விட்டுவிட்டு இங்கே குமாஸ்தாவாகவும் கடைச் சிப்பந்தியாகவும் இருப்பவர்கள் நம்மில் பலர். மனை வியாபாரி முன்பணத்துடன் வந்து நிற்கும்போது, அந்த வயலை யாருக்காவது குத்தகைக்கேனும் விட்டு நெல் விளைய வைக்க முடியுமா என்று ஒருமுறை வீட்டாருடன் கலந்து பேசுவது நல்லது. தூர்த்த வயலை மீண்டும் வயலாக்குவது எளிதல்ல.