கையால் அமைத்த ஆம்ப்ளிபையரும் அதன் ஸ்விட்சும்

திருவிழாவிற்கும், பஜனைக்கும், ஊர்க் கூட்டத்திற்கும் வேண்டிய ஆம்ப்ளிபையரைத் தாமே இணைத்துக்கொள்ளும் வாலிபர்கள் கிராமங்களில் உளர். இம்முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும், ஓசையின் தெளிவிற்காகப் பல நாள் உழைக்கும் இவ்வன்பர்கள், மின்சாரம் நுழையும் ஸ்விட்சைப்பற்றிக் கடைசி அரைமணி நேரமே சிந்திக்கின்றனர். பெட்டியில் கிடந்த ஏதோ ஒரு சிறு ஸ்விட்சு பொருத்தப்பட்டுவிடுகிறது. உயிருக்கு அபாயம் விளைக்கவல்லது ஓசை தரும் பகுதியன்று. 230 வோல்ட் வந்து சேரும் அவ்விடமேயாகும்.

முதலாவதாகக் கவனிக்கற்பாலது யாதெனில், ஸ்விட்சை அணைத்துவிட்டதனாலேயே உள்ளே மின்சாரம் இல்லையென்று கொள்ளலாகாது. இருமுனைப் பிளக்கை எப்பக்கமாகவும் செருகலாம். ஸ்விட்சு ஒரு கம்பியை மட்டும் துண்டிப்பதாயின், பிளக் மாறிச் செருகப்பட்டபோது துண்டிக்கப்படுவது நியூட்ரல் கம்பியே. விளக்கு அணையும், ஓசையும் நிற்கும். ஆனால் பேஸ் கம்பியோ டிரான்ஸ்பார்மர் வரையில் உயிருடன் நிற்கும். மூடியைத் திறந்து விரல் வைப்பவன் கதி என்னாகும்? ஆதலின் இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் இரட்டை ஸ்விட்சையே இடுதல் வேண்டும். மூன்றுமுனைப் பிளக்கைக் கொண்டு, இரும்புப் பெட்டியைப் பூமிக்கம்பியுடன் திருகாணியால் இறுகப் பிணைத்தலும் இன்றியமையாதது. பேஸ் கம்பி உள்ளே நுழைந்தவுடன் முதலில் பியூஸையே அடைதல் வேண்டும்.

இனி, ஸ்விட்சு ஒட்டிக்கொள்ளும் விஷயம். வளைய வடிவான 300 வோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். முழு வேலையிலும் அது இழுப்பது ஏறக்குறைய 1.3 ஆம்பியரே. 3 ஆம்பியர் ஸ்விட்சு தாராளமாய்ப் போதும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், ஸ்விட்சைப் போடும் கணத்தில் நேர்வது வேறு. இரும்பு வளையம் காந்தத்தால் நிரம்பிவிடின், மின்சாரத்தைத் தடுத்து நிற்பது செம்புச் சுருளின் தடை மட்டுமே. அது 5 ஓம் எனில், 325 வோல்ட் உச்சியில் 60 ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். ஒரு வினாடியின் சிறு பகுதியே இது நீடிக்கும். எனினும் ஸ்விட்சின் உள்முனைகள் உருகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ள அது போதும். பின்னர்ப் புகை எழும் வேளையில் ஸ்விட்சைத் தள்ளினாலும் மின்சாரம் நிற்பதில்லை. பியூஸ் அடிக்கடி போகின்றதென்று தடித்த கம்பியை இட்டுக் கட்டுவோரும் உண்டு. இது தன் கூரைக்குத் தானே கொள்ளி வைப்பதாகும்.

இதற்குப் பரிகாரம் எளிது. ஸ்விட்சிற்கும் டிரான்ஸ்பார்மருக்கும் இடையே 33 ஓம், 10 வாட் கம்பிச்சுற்று ரெஸிஸ்டர் ஒன்றை வைக்க வேண்டும். முதற் பாய்ச்சல் அப்பொழுது 10 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஏறக்குறைய ஒரு வினாடி கழிந்தபின், ஒரு ரிலே மூடிக்கொண்டு அந்த ரெஸிஸ்டரைத் தாண்டி மின்சாரத்தை நேரே விடுதல் வேண்டும். ரிலேக்குத் தனியாய் 12 வோல்ட் சிறு டிரான்ஸ்பார்மர் இருத்தல் நலம். அது ரெஸிஸ்டருக்கு முன்பே இணைக்கப்படும். ரிலேயின் முனைகள் 250 வோல்ட், 16 ஆம்பியர் தாங்குவனவாகவும், அதன் சுருளின் குறுக்கே ஒரு டையோடு தலைகீழாய் அமைந்தும் இருக்கட்டும். ரிலே பழுதுற்று மூடாதிருப்பின், 1 ஆம்பியர் ஓடினாலே அந்த ரெஸிஸ்டரில் 33 வாட் உஷ்ணம் எழும். அது எரிந்தே போகும். எனவே உஷ்ணத்தால் அறுபடும் பியூஸ் ஒன்றை ரெஸிஸ்டருடன் உடல் தொடும்படி கட்டி, அதே வழியில் இணைப்பதைச் சிலர் வீண் செலவு என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. அணைத்தவுடன் மீண்டும் போடாமல் சில வினாடிகள் பொறுப்பதும் அவசியம். ரிலே விடுபட்டாலன்றி ரெஸிஸ்டர் வேலை செய்யாது.

அணைக்கும்போது எழும் பொறியை அடக்க ஸ்விட்சின் முனைகளுக்குக் குறுக்கே கண்டென்ஸர் வைப்பது வழக்கம். 0.1 மைக்ரோபாரட் கண்டென்ஸர் அணைந்த நிலையிலும் சுமார் 7 மில்லி ஆம்பியரைக் கசியவிடும், தொட்டவன் துள்ளுவான். அதனை 100 ஓம் ரெஸிஸ்டருடன் சேர்த்து, ஸ்விட்சிற்குப் பின்னே டிரான்ஸ்பார்மரின் முதற்சுருளுக்குக் குறுக்கே வைப்பதே முறை. எக்ஸ்-2 என்று முத்திரையிட்ட வகையையன்றி வேறெதையும் அவ்விடத்தில் வைக்கலாகாது.

பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கண்டென்ஸர்களில் மின்சாரம் தங்கும். 35 வோல்ட்டில் நிற்கும் 10,000 மைக்ரோபாரட் ஒவ்வொன்றிற்கும் குறுக்கே 2,200 ஓம், 2 வாட் ரெஸிஸ்டர் இடின், இரண்டு நிமிஷத்தில் அது வடிந்துவிடும். மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே கை வைக்கவும்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, 100 வாட் இழை விளக்கு ஒன்றைப் பேஸ் கம்பியில் தொடராக இணைத்துக்கொள்க. விளக்கு ஒரு கணம் பிரகாசித்து மங்கிவிடின் இணைப்பு சரி. மங்காமல் எரிந்துகொண்டே இருப்பின், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிழையைத் தேடுக.