வேலிப்பருத்தியின் கட்சி

கொல்லையில் பூசணி பிஞ்சிலேயே வெம்பி உதிர்கிறதென்றும், பீர்க்கும் சுரையும் பூத்தும் காய் பிடிப்பதில்லையென்றும், வண்டும் தேனீயும் முன்போல் வரக் காணோமென்றும் குறை கூறாத குடும்பஸ்தர் இன்று அருமை. இக்குறைக்கு மருந்தாகப் பட்டணங்களில் ஒரு புதிய வழக்கம் பரவி வருகிறது. 'வண்ணத்துப்பூச்சிச் செடி' என்று பெயரிட்டு விற்கப்படும் அந்நிய தேசத்துப் பூச்செடிகளை நாற்றுப்பண்ணையில் விலை கொடுத்து வாங்கி வந்து, தொட்டியில் வைத்து நீர் வார்ப்பதே அது. எண்ணம் நல்லதே, நாம் அதைப் பரிகசிக்கவில்லை. ஆனால் அதே வீட்டார், தம் வேலியில் தானாக முளைத்துப் படர்ந்திருக்கும் ஒரு கொடியைக் களை என்று தீர்ப்புக் கூறி வேரோடு பிடுங்கிக் குப்பையில் எறிவதைப் பார்க்கும்போது, ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க நம்மால் இயலவில்லை. அக்கொடி வேலிப்பருத்தி. அதன் கட்சியை இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

நமது நேயர்களில் கிராமத்தில் பிறந்தவர்கள் இதை அறிவார்கள். பெயரால் அறியாதவர்களும் மூக்கால் அறிவார்கள். இலையைக் கசக்கினால் எழும் துர்நாற்றம் எளிதில் மறக்கக்கூடியதன்று. இதய வடிவான இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். கிள்ளினால் பால் வடியும். மங்கிய வெண்மையும் பசுமையும் கலந்த சிறு பூக்கள் கொத்தாகத் தொங்கும். ஆட்டுக் கொம்புபோல் இரட்டையாக நிற்கும் காய்களின்மேல் மெல்லிய முட்கள் இருக்கும். காய் உலர்ந்து வெடித்தால், ஒவ்வொரு விதையும் ஒரு பட்டுக் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு காற்றில் ஏறிச் செல்லும். இந்தப் பஞ்சை வைத்தே வேலிப்பருத்தி என்றார்கள். சித்த வைத்தியர்களுக்கு இது உத்தாமணி. எருக்கு, நன்னாரி, சிறுகுறிஞ்சான் எல்லாம் இதன் சுற்றத்தார்.

சாஸ்திர நூல்களில் இதன் பெயர் பெர்குலேரியா டேமியா என்பது. இப்பெயரின் பின்பாதி அரபு நாட்டில் கிடைத்தது. பெட்டர் போர்ஸ்கால் என்ற தாவர சாஸ்திரி 1763-ஆம் வருஷம் யேமன் தேசத்தில் காலஞ்சென்றார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகள் 1775-இல் அச்சேறியபோது இக்கொடியும் ஏட்டில் ஏறிற்று. ஆகவே, இது நமக்கு மட்டும் உரிய சொத்தென்று நாம் சாதிக்க வரவில்லை. ஆப்பிரிக்கா தொடங்கி அரபு நாடு வழியாக இந்தியா, இலங்கை வரையில் இது சொந்த பூமியிலேயே நிற்கிறது. பால்கொடி வகைகள் நம் நாட்டில் எத்தனை என்று முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் வைட். கம்பெனி ஆட்சியில் சென்னை ராஜதானியில் வைத்தியராக வந்தவர். ஆர்னட் என்பவரோடு சேர்ந்து 1834-இல் இக்குலத்தைப் பற்றி எழுதினார். பின்னர் அவரையே, அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவித்துப் பார்க்கும்படி 1842-இல் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். வயலில் அந்நியப் பருத்தி, வேலியில் நம் பருத்தி! வைட்டின் நூல்களுக்குச் செடிகளை வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்தியச் சித்திரக்காரர்கள் என்பதையும் இவ்விடத்தில் சொல்லி வைப்பது நியாயம். நூல் வைட்டின் பெயரால் வழங்குகிறது; கை நம்மவருடையது.

இனி விஷயத்துக்கு வருவோம். வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்கப் பல பூக்களை நாடும். ஆனால் முட்டையிட அதற்கு எந்தச் செடியும் உதவாது. இன்ன பூச்சியின் புழு இன்ன இலையைத்தான் தின்னும் என்பது இயற்கையின் கண்டிப்பான ஏற்பாடு. கொடிரோஜா என்ற மெக்ஸிகோ தேசத்துக் கொடியை இன்று எந்தக் காம்பவுண்டுச் சுவரிலும் காணலாம். தேனீக்கள் அதில் மொய்ப்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் அது சத்திரமேயன்றிப் பிறந்தகமாகாது. வேலிப்பருத்தியோ இரண்டும் ஆகிறது.

வெந்தய நிறத்தில் கறுப்பு ஓரமும் வெள்ளைப் புள்ளியுமாக, அவசரமின்றித் தாழப் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தமிழில் வெந்தய வரியன் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எகிப்து தேசத்தில் சுமார் 3,500 வருஷங்களுக்கு முற்பட்ட கல்லறைச் சுவர்ச் சித்திரத்தில் இதன் உருவம் இருக்கிறது. எருக்கையும் வேலிப்பருத்தியையும் போன்ற பால்செடிகளில் இது இலைக்கு ஒன்றாக முட்டையிடும். மூன்று நான்கு நாளில் புழு வெளிவரும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் போட்டு, முதுகில் மூன்று ஜோடி கறுத்த கொம்புகளுடன் அது நடப்பதைப் பார்த்து அஞ்சுகிறவர்கள் உண்டு. அது கடிக்காது, கொட்டாது. அதன் சாமர்த்தியத்தைப் பாருங்கள். பால் அதிகமாக வடியும் இலையைத் தின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும் என்பதறிந்து, முதலில் இலையின் நடுநரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அதற்கப்பால் உள்ள பகுதியையே உண்ணுகிறது. பாலில் இருதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. அந்நஞ்சைத் தன் உடம்பில் சேமித்து வைத்துக்கொண்டு, பறவைகளுக்கு வேண்டாத பண்டமாகிவிடுகிறது. அது ஆற அமரப் பறப்பதன் ரகசியம் இதுதான். இரண்டு வாரம் தின்று கொழுத்தபின், பச்சையோ இளஞ்சிவப்போ ஆன ஒரு கூட்டில் பொன்வரை தீட்டித் தொங்கி, மற்றும் ஒரு வாரத்தில் சிறகு விரித்துவிடும்.

இந்த நஞ்சின் புகழைத் திருடுகிற பூச்சியும் உண்டு. ஹைபோலிம்னாஸ் மிஸிப்பஸ் என்ற வேறொரு இனத்தில், ஆண் கறுப்பில் வெள்ளைப் பொட்டிட்டிருக்கும். பெண் மட்டும் அப்படியே வெந்தய வரியனின் வேஷம் பூண்டு பறவைகளை ஏமாற்றும். வேடிக்கை என்னவெனில், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேஷதாரியை முதல் அட்டவணையில் வைத்துக் காத்தது. வேஷத்துக்கு உடையவனை விட்டுவிட்டது. உடையவனை வளர்க்கும் கொடியைப் பற்றியோ கேள்வியே இல்லை. சட்டத்தோடு பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பூவின் கதை இன்னும் விசித்திரமானது. மற்றப் பூக்களில் மகரந்தம் பொடியாக உதிரும். பால்கொடிகளில் அப்படியன்று, மகரந்தம் இரண்டிரண்டு சிறு பைகளாகத் திரண்டு, ஒவ்வொரு ஜோடியும் ஒரு நுண்ணிய கவ்வியில் கோக்கப்பட்டிருக்கும். தேன் குடிக்க வரும் ஈ, குளவி, தேனீ ஆகியவற்றின் காலிலோ உறிஞ்சுகுழலிலோ கவ்வி மாட்டிக்கொள்ள, அப்பூச்சி இழுத்துப் பறித்துக்கொண்டு அடுத்த பூவுக்குச் சென்று அங்கே செருகிவிடும். பலம் குறைந்த சிறு பூச்சி சில வேளை விடுபட மாட்டாமல் அங்கேயே உயிர்விடுவதும் உண்டு. ராபர்ட் ப்ரௌன் என்பவர் ஆர்க்கிட் பூக்களையும் பால்செடிப் பூக்களையும் இவ்விதம் ஆராய்ந்து 1831-இல் வாசித்த கட்டுரையில்தான் உயிரணுவின் உட்கருவுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயரைச் சூட்டினார்.

வேலிப்பருத்தி வைத்தால் பூசணி காய்த்துக் குவியும் என்று நாம் வாக்குறுதி கொடுக்கவில்லை. பயிர்களின் மகரந்தச் சேர்க்கையில் பெரும்பங்கு தேனீக்களுடையது. வண்ணத்துப்பூச்சியின் பங்கு சிறிதே. கத்தரிப் பூவுக்கோ, அதைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் கட்டைவண்டு போன்றவை வேண்டும். எனினும், மருந்து தெளிக்கப்படாமல், வருஷம் முழுவதும் ஏதேனும் ஒன்று பூத்துக்கொண்டிருக்கும் புதர்வேலி ஒன்று வயலோரம் நின்றால், இவையெல்லாம் அங்கே தங்கும். 1990-களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் பரவித் தென்னாட்டுத் தேனீப் பெட்டிகளைக் காலியாக்கியதைக் கண்ட பிறகும், பெட்டித் தேனீ ஒன்றையே நம்பியிருப்பது விவேகமாகாது. அந்தப் புதர்வேலியில் ஏறிப் படர்ந்து நிற்பவற்றுள் வேலிப்பருத்தி தலையானது.

களை என்று ஒதுக்கியதன் பலனை அமெரிக்கா அனுபவித்துவிட்டது. வெந்தய வரியனின் பெரிய சகோதரனான 'மோனார்க்' என்ற வண்ணத்துப்பூச்சி அங்கிருந்து வருஷந்தோறும் மெக்ஸிகோ மலைகளுக்குச் சென்று குளிர்காலத்தைக் கழிக்கிறது. 1996-ஆம் வருஷத்தில் களைக்கொல்லிக்கு மடியாத சோயாப் பயிர் அங்கே வந்தது. பயிர் பிழைத்தது, வயல்களில் இருந்த பால்செடிகள் மடிந்தன. 1996-97 குளிர்காலத்தில் சுமார் 18 ஹெக்டேர் காட்டில் அடர்ந்திருந்த மோனார்க்குகள் 2013-14-இல் 0.67 ஹெக்டேரில் அடங்கிவிட்டன. குளிர்காலக் காடு அழிந்ததும், பருவநிலை மாறியதும் இதற்குக் காரணம் என்பர். ஆயினும் பால்செடி ஒழிந்ததைப் பிரதான காரணமாகப் பலர் கூறுகிறார்கள். அங்கும் சைனாங்கம் லேவ் என்ற ஒரு சுதேசிப் பால்கொடி இருக்கிறது. குடியானவர்கள் அதைச் சனியன் என்று வைதுகொண்டே இருந்தார்கள். மோனார்க் அதில் முட்டையிட்டுக்கொண்டே இருந்தது.

நம் நாட்டிலும் யாத்திரை போகும் வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் மேற்கு மலைத்தொடரிலிருந்து கிழக்கே சமவெளிக்கும், வடகிழக்குப் பருவமழை சமயத்தில் மீண்டும் மேற்கேயும் கூட்டங்கூட்டமாகச் செல்லும் அவற்றுள், கறுப்பில் நீலக்கோடு கொண்ட இனங்கள் முக்கியமானவை. அவற்றின் புழுக்களுக்கு உணவு மற்றொரு பால்கொடி. கொடிப்பாலை என்றும் பெருங்குறிஞ்சான் என்றும் வழங்கும் பெருங்கொடி அது. இடம் அதிகமுள்ளவர்கள் அதையும் ஒரு மரத்தடியில் ஏற்றிவிடலாம்.

வேலிப்பருத்தியின்மேல் உள்ள குற்றச்சாட்டுகளை நாம் மறைக்கப் போவதில்லை. நாற்றம் உண்மை. பால் கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும். குழந்தைகள் வாயில் வைக்கலாகாது. வைத்தியர் கையில் மருந்தாவதால் நாமும் அரைத்துக் குடிக்கலாமென்று எண்ணுவது ஆபத்து. வேகம் அதிகம். கண்ணை மூடித் திறப்பதற்குள் இளம் எலுமிச்சையையும் மல்லிகைப் பந்தலையும் மூடி அமுக்கிவிடும். ஆகையால் வீட்டு வாசலில் வேண்டாம். காய்கறிப் பாத்திக்குச் சற்று எட்ட, வெயில் படும் வேலியோரத்தில் இருக்கட்டும்.

வளர்க்கும் முறையில் பிரமாதம் ஒன்றுமில்லை. காய் முற்றிப் பழுப்பேறும் சமயத்தில், வெடிக்குமுன் நூலால் இறுகக் கட்டிவிட வேண்டும். இல்லாவிடில் விதை ஊராருக்குப் போய்விடும். பஞ்சை நீக்கிவிட்டு, முதல் மழைக்கு மேலாக விதைத்துக் கொஞ்சம் மண் தூவினால் போதும். ஏறுவதற்கு ஒரு காய்ந்த முள்மாறு. எருவும் மருந்தும் தேவையில்லை. அளவு மீறினால் வெட்டலாம், ஆனால் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கத்தை வெட்ட வேண்டும். இலைகளின் அடியில் புழு இருக்கும். தண்டில் மஞ்சள் நிற அசுவினி அடையாக அப்பியிருப்பதைக் கண்டவுடன் தெளிப்பானைத் தேட வேண்டாம். பொறிவண்டு வந்து அதைத் தின்னும். நீங்கள் தெளித்தால் முதலில் சாவது அந்தப் பொறிவண்டும் வரியன் புழுவுமே. இலையெல்லாம் போய்க் கொடி வெறும் நாராக நின்றாலும் கவலையில்லை, மறுபடி துளிர்க்கும். அருகில் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் முளைத்தால் அவற்றையும் விட்டுவைக்கவும். அவற்றின் காய்ந்த தண்டை ஆண் வரியன்கள் உறிஞ்சுவதைக் காணலாம். பெண்ணை வசீகரிக்கும் வாசனைக்கு வேண்டிய சரக்கு அதில் இருக்கிறது.

வீட்டு வேலி ஒன்று இரண்டால் மட்டும் காரியம் முடியாது. காங்கயம், தாராபுரம், கரூர்ப் பக்கங்களில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்கிளுவையால் உயிர்வேலி கட்டுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அவ்வேலிகளில் வேலிப்பருத்தியும் கோவையும் பிரண்டையும் பின்னிக் கிடக்கும். முள்கம்பியும் சிமெண்டுக் கல்லும் வந்த இடத்தில் இவ்வளவும் போயிற்று. சாலையோரத்தில் எஞ்சியதை ஸ்தல ஸ்தாபனங்கள் துப்புரவு என்ற பெயரால் இயந்திரம் வைத்து வழித்தெடுக்கின்றன. முல்லைக்குத் தேர் கொடுத்தவனை மேடைதோறும் புகழ்கிறோம். நாற்றமுள்ள கொடிக்கு ஒரு முள்மாறு ஊன்ற நமக்கு மனம் வருவதில்லை.

நமது தேசத்தொண்டர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அந்நாட்களில் கொடியேற்றத்துக்கு வருகிறவர்களில் பலர், சபை கூடும்போது வீடு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்து, இந்த இன்னொரு கொடிக்காகவும் ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். வாசகம் நீளமாயிருக்க வேண்டியதில்லை: ஊராட்சிக்குட்பட்ட சாலையோரங்களிலும் குளக்கரைகளிலும் பள்ளிக்கூட வேலிகளிலும் களைக்கொல்லி தெளிப்பதில்லை என்றும், மனித நடமாட்டத்துக்கும் பார்வைக்கும் இடையூறாயுள்ள பகுதியைத் தவிர மற்ற உயிர்வேலியைக் கொடிகளுடன் விட்டு வைப்பதென்றும், துப்புரவு ஒப்பந்தம் எழுதும்போது இந்நிபந்தனையை அதில் சேர்ப்பதென்றும் இச்சபை தீர்மானிக்கிறது.